கோரைத்தாங்கல் நிலமும் என் ஏழு புகார்களும்

அனுப்புநர்:
கோமளம் சந்திரமௌலி,
வயலின் ஆசிரியை (ஓய்வு),
சித்திரைக்குளம் அருகில்,
மயிலாப்பூர், சென்னை – 600 004.

பெறுநர்:
சிறப்பு ஆணையர் அவர்கள்,
நீர்நிலை மீட்பு நிலக் கொள்முதல் அலுவலகம்,
அடையாறு, சென்னை – 600 020.

பொருள்: கோரைத்தாங்கலை மீட்பதற்காக மனைகளை விலைக்கு வாங்கும் பணி – அலுவலர் திரு. கதிரேசன் மீது நான் கொடுத்த புகார்களைத் திரும்பப் பெறுவது – அவரது இடமாற்றத்தை ரத்து செய்யக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1997 ஜூன் முதல் 1998 நவம்பர் வரை நான் அனுப்பிய ஏழு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இது தங்களுக்கு நான் எழுதும் எட்டாவது மனு. என் கையெழுத்தைப் பார்த்ததுமே தங்கள் அலுவலகத்தில் பெருமூச்சு விடுவார்கள் என்பதை அறிவேன். முந்தைய ஏழும் நிலக் கொள்முதல் அலுவலர் திரு. கதிரேசன் மீது கொடுத்த புகார்கள். இதுவும் புகார் மனுதான். ஆனால் இது அந்த ஏழு மனுக்களையும் எழுதிய கோமளம் சந்திரமௌலி என்பவர் மீது.

2. பாலவாக்கத்துக்கு மேற்கே, கோரைத்தாங்கல் பேரூராட்சியில், கலைவாணி நகர் என்ற பெயரில் இருபத்திரண்டு மனைகள் உள்ளன. அதில் பதினான்காம் எண் மனையை 1979ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் நானும் என் கணவரும் வாங்கினோம். அன்று தரை கட்டாந்தரையாகக் கிடந்தது. கடற்காற்று வந்தது. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அதன்பின் ஆண்டு தவறாமல் கோடை விடுமுறையில் அங்கே போவோம். எல்லைக் கல்லைக் கழுவி, மஞ்சள் குங்குமம் இட்டு, தேங்காய் உடைத்து, கொண்டுபோன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுவோம். பூஜை அறை எங்கே, பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் கூடம் எங்கே என்று என் கணவர் குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டுவார்.

3. ஐப்பசியில் இருந்து தை வரை மட்டும் நாங்கள் அங்கே போனதே இல்லை. இதற்குக் காரணம் மயிலாப்பூரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நவராத்திரி முடிந்து கொலு பொம்மைகளை ஏறக்கட்டுவதற்குள் மாணவிகளுக்கு ஒத்திகை தொடங்கிவிடும். மார்கழியில் சபா சபாவாக ஓட வேண்டும். அந்த மாதங்களில் நாங்கள் அடையாறு பாலத்தைத் தாண்டுவதே அரிது. ஆகவே பத்தொன்பது ஆண்டுகள் ஒரு நிலத்துக்குச் சொந்தக்காரியாக இருந்தும், மழைக்காலத்தில் அது எப்படி இருக்கும் என்பதை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பார்க்காத விஷயத்தைப் பற்றித்தான் தங்களுக்கு அத்தனை உறுதியாக எழுதிக்கொண்டிருந்தேன்.

4. அந்த ஏழு மனுக்களின் சாரத்தை இப்போது திரும்பப் படிக்க எனக்கே கூசுகிறது. இருந்தாலும் கோப்பில் உள்ளதால் சொல்லிவிடுகிறேன். முதல் மனு, உலர்ந்த நிலத்தை நீர்நிலை என்று பொய்யாக எழுதினார் என்பது. இரண்டாவது, விலைக்குக் கேட்கும் கடிதத்தை ராகு காலத்தில் கொண்டுவந்து கொடுத்தார் என்பது. மூன்றாவது, என் மனையில் அனுமதி இல்லாமல் மூங்கில் நட்டார் என்பது. நான்காவது, என் வீட்டுக் காபியைக் குடிக்க மறுத்த அகந்தை. ஐந்தாவது, மார்கழியில் ஒருநாள் நேரில் வந்து நிலத்தைப் பார்க்கும்படி சொல்லி என் தொழிலுக்கு இடையூறு செய்தார் என்பது. ஆறாவது, பேரூராட்சித் தலைவர் திருமதி சுப்பம்மாவுடன் சேர்ந்துகொண்டு சதி செய்கிறார் என்பது. அந்த அம்மாள் வீட்டு வாசலில் நின்று அவர் டீ குடித்ததாக இன்னொரு மனைக்காரர் என்னிடம் சொன்னதே அதற்கு ஆதாரம். ஏழாவது, முதல் ஆறுக்கும் நினைவூட்டல்.

5. ஏழுக்கும் திரு. கதிரேசன் தம் கைப்பட பதில் எழுதினார். ஒன்றில்கூடக் கோபம் இல்லை. மூங்கிலைப் பிடுங்கிவிட்டதாகவும், சிரமத்துக்கு வருந்துவதாகவும் எழுதினார். நிலம் விற்பவர்கள் வீட்டில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் சாப்பிடுவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்திருப்பதாகவும், காபியின் மணம் நன்றாகவே இருந்தது என்றும் எழுதினார். ஐந்தாவது மனுவுக்கு மட்டும் ஒரே வரி: தங்களுக்கு வசதிப்படும் ஏதேனும் ஒரு காலையில் ஒரு மணி நேரம் போதும். அந்த வரி எனக்கு எரிச்சலை மூட்டியது. இவர் பொய்யைக் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தேன். கடந்த மார்கழி எட்டாம் தேதி, பகல் கச்சேரி எதுவும் இல்லாத ஒரு காலையில், கணவரையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன்.

6. ஐயா, ஆட்டோ பேரூராட்சி எல்லையிலேயே நின்றுவிட்டது. அதற்கப்பால் தண்ணீர். நான் நிலம் என்று நினைத்த இடத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரும் கோரையும் இருந்தன. நீர்க்கோழிகள் குஞ்சுகளோடு மேய்ந்தன. கூழைக்கடாக்கள் ஏழெட்டு மிதந்தன. அத்தனை பெரிய பறவையை நான் அதுவரை மிருகக்காட்சி சாலையில்தான் பார்த்திருக்கிறேன். பொய்யைப் பிடிக்க வந்தவள் நான். அழகாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

7. திரு. கதிரேசன் அங்கே இருந்தார். தண்ணீருக்குள் இருக்கும் நிலத்தை அளப்பதற்காக ஊரூர் ஒல்காட் குப்பத்தில் இருந்து வெள்ளைத்துரை என்ற மீனவரை வரவழைத்திருந்தார். அவர் தம் கட்டுமரத்தைப் பிரித்து, மரங்களை மீன்பாடி வண்டியில் ஏற்றி வந்து, அங்கேயே மறுபடி கட்டியிருந்தார். மற்ற இருபத்தொரு மனைகளிலும் எல்லைக் கல்லை ஒட்டிக் கோடையிலேயே நட்ட மூங்கில்கள், சிவப்புத் துணியோடு தண்ணீருக்கு மேலே தெரிந்தன. என் மனையில் மட்டும் எதுவும் இல்லை. மூன்றாவது மனுவின் பலன். வெள்ளைத்துரை ஒரு கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் அன்றைய செய்தித்தாளை விரித்து, பட்டுப்புடவையோடு என்னைக் கட்டுமரத்தில் உட்கார வைத்தார். திரு. கதிரேசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். மார்பளவு தண்ணீரில் அரைமணி நேரம் காலால் துழாவினார். அதன்பின் சட்டென்று அவர் உடம்பு ஒன்றரை அடி மேலே வந்தது.

"அம்மா, இதுதான் உங்க கல்லு. நான் இப்ப அதுமேலதான் நிக்கிறேன்" என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஜெயித்துவிட்ட களிப்பு ஏதேனும் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தேன். இல்லை. குளிரில் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

8. இதோடு முடிந்திருந்தால் எனக்கு வெட்கம் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். திரும்பும்போது கலைவாணி நகர் சாலைமேல் ஏறி நடந்தோம். அந்தச் சாலையை 1985இல் மனைக்காரர்கள் நாங்கள்தான் மண் கொட்டி உயர்த்திப் போட்டோம். வண்டி வர வசதியாக இருக்கும் என்று முதல் ஆளாகச் சொன்னவள் நான். அந்தச் சாலைக்கு மேற்கே பள்ளத்தெரு. அடையாற்றங்கரையில் இருந்து அப்புறப்படுத்தப்பட்டு அங்கே குடியமர்த்தப்பட்ட குடும்பங்கள் நூற்று முப்பதுக்கு மேல். மேற்கே இருந்து வரும் மழைத்தண்ணீர் தாங்கல் என்ற அந்த ஏரிக்குள் போக வழியில்லாமல் எங்கள் சாலையில் முட்டி, அந்தத் தெருவுக்குள் நின்றது. கட்டிலின்மேல் கட்டிலைப் போட்டு அதன்மேல் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். பேரூராட்சித் தலைவர் திருமதி சுப்பம்மாவின் வீடும் அங்கேதான். அவர் வீட்டிலும் முழங்கால் தண்ணீர்.

9. நான் சதிகாரி என்று எழுதிய அந்த அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். திட்டுவார் என்று நின்றேன். அவர் சொன்னது இதுதான்: "நீங்க போட்ட ரோடு நல்ல ரோடுதாம்மா. பதிமூணு வருசமா ஒரு இடத்துலகூட ஒடைல. அதான் தண்ணி எங்க ஊட்டாண்டயே நின்னுகினு கீது." பிறகு அவரே எனக்கும் டீ கொடுத்தார். குடித்தேன். முந்தைய ஆண்டு வெள்ளத்தின்போது இரண்டு நாட்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுவந்துவிட்டு, மூன்றாம் நாள் காலை அதே வாசலில்தான் திரு. கதிரேசன் டீ குடித்திருக்கிறார். நான் ஆதாரமாகக் காட்டிய டீ அதுதான்.

10. அந்தப் பேரூராட்சியைப் பற்றியும் இங்கே பதிவு செய்வது என் கடமை. அவர்களுக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. ஒழுகும் வாடகை அறையில் தார்ப்பாயின் கீழ் கோப்புகளை வைத்திருக்கிறார்கள். புதிய அலுவலகம் கட்ட வைத்திருந்த நிதியை, திருமதி சுப்பம்மாவும் உறுப்பினர்களும் எதிர்ப்பே இல்லாமல் தீர்மானம் போட்டு, இந்த மனைகளை வாங்கும் பணிக்குக் கொடுத்துவிட்டார்கள். கட்டடத்துக்கென்று ஒதுக்கிய இடத்தையும் தாங்கலோடு சேர்த்துவிட்டார்கள். யாருடைய நிலத்தையும் பிடுங்கவில்லை. வீடு வீடாகப் போய், கேட்டு, விலை கொடுத்து வாங்குகிறார்கள். நாற்காலி கிடைத்தால் முதலில் அதற்கு மேல் கூரை போட்டுக்கொள்வதுதான் நான் பார்த்த வழக்கம். இவர்களைப் பார்த்து நான் அசந்துபோனேன்.

11. அன்று இரவு வீட்டில் என் கணவர் சாப்பிடவில்லை. மனை போனதே என்று வருந்துகிறார் என நினைத்து ஆறுதல் சொல்லப் போனேன். "ஆம் கட்ட எடம் போச்சேன்னு இல்லே, கோமளம். இத்தனை வருஷமா நாம இன்னொருத்தர் ஆத்துக் கூடத்துக்குள்ள தண்ணியை அனுப்பிண்டு இருந்திருக்கோம்" என்றார்.

12. மறுநாளே புகார்களைத் திரும்பப் பெற்று எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. சபா முடியட்டும் என்றேன், பொங்கல் போகட்டும் என்றேன். உண்மையான காரணம், தப்பு என்னுடையது என்று தாளில் எழுத என் கை வரவில்லை. இருபத்தொரு பேர் ஒப்புதல் கொடுத்துவிட்ட பிறகும் நான் ஒருத்தி கையெழுத்திடாமல் இருந்தேன். அந்தத் தாமதத்துக்கு இப்போது வேறொருவர் தண்டனை அனுபவிக்கிறார்.

13. இம்மாதம் 15ஆம் தேதி பேரூராட்சி அலுவலகத்துக்குச் சென்றபோது, திரு. கதிரேசன் மாத இறுதியில் வெளி மாவட்டத்துக்கு மாற்றப்படுவதாகவும், அவர் மீது விசாரணை நடப்பதாகவும் அறிந்தேன். ஆணையில் கண்ட காரணம்: பொதுமக்களின் தொடர் புகார்கள். அந்தப் பொதுமக்கள் யார் யார் என்று விசாரித்தேன். நான் ஒருத்திதான். என் குடும்ப அட்டையில் முகவரி மாற்ற இரண்டு ஆண்டுகள் ஆயின. இந்த மனுக்கள் மட்டும் இத்தனை விரைவாக நகரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

14. புதிதாக ஒருவர் வந்தால் இருபத்திரண்டு மனைகளையும் அவர் மீண்டும் அளக்க வேண்டும் என்பது விதி. இதற்கான ஒதுக்கீடு மார்ச் 31உடன் காலாவதியாகிறது. அதற்குள் பதிவு முடியாவிட்டால் சாலையை வெட்டித் தண்ணீருக்கு வழிவிட முடியாது. அடுத்த ஐப்பசியில் பள்ளத்தெருவில் மறுபடியும் கட்டில்மேல் கட்டில் போட வேண்டியதுதான். திரு. கதிரேசன் இருந்தால் மார்ச் இரண்டாம் வாரத்தில் முடித்துவிடுவார். எந்த மனைக்காரர் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்பதை அவர் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். என் பெயருக்கு நேரே "ராகு காலம் தவிர்க்க" என்று குறித்திருந்ததை நானே பார்த்தேன்.

15. ஆகவே நான் கேட்டுக்கொள்வது:
ஏழு புகார்களையும் முழுமையாகத் திரும்பப் பெறுகிறேன். அவற்றில் ஒன்றுகூட உண்மை இல்லை என்று எழுதிக் கொடுக்கிறேன்.
திரு. கதிரேசன் மீதான விசாரணையைக் கைவிட்டு, இடமாற்ற ஆணையை ரத்து செய்து, பதிவு முடியும்வரை அவரைக் கோரைத்தாங்கலிலேயே பணியாற்ற விட வேண்டும்.
பொய்ப் புகார் கொடுத்ததற்கு நடவடிக்கை எடுக்க விதி இருந்தால் என்மேல் எடுக்கவும். மறுப்பு மனு அனுப்ப மாட்டேன்.

16. மனை எண் 14க்கான ஒப்புதல் படிவத்தில் நேற்றே கையெழுத்திட்டு, மூலப் பத்திரத்தோடு திருமதி சுப்பம்மாவிடம் ஒப்படைத்துவிட்டேன். திரு. கதிரேசனை இருக்க விட்டால்தான் நிலம் தருவேன் என்று தங்களிடம் பேரம் பேசுவதாகத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே, இந்த மனுவுக்கு முன்பே அதைச் செய்தேன். தாங்கள் எந்த முடிவு எடுத்தாலும் நிலம் தாங்கலுக்குத்தான். ஆனால் திரு. கதிரேசன் போய், மார்ச்சும் போய், பள்ளத்தெருவில் மறுபடி தண்ணீர் ஏறினால், யாரால் இப்படி ஆயிற்று என்று அந்த மக்கள் தங்கள் அலுவலகத்தில் வந்து கேட்பார்கள். அப்போது தயவுசெய்து அவர்களுக்கு என் பெயரையும் மேலே உள்ள முகவரியையும் கொடுங்கள். நான் வீட்டில்தான் இருப்பேன்.

நாள்: 18.2.1999
இடம்: மயிலாப்பூர்

தங்கள் நல்ல முடிவை வேண்டும்,
(கையொப்பம்)
கோமளம் சந்திரமௌலி

சாட்சி: (கையொப்பம்) சந்திரமௌலி

இணைப்பு: ஒப்புதல் படிவத்தின் நகல், திரு. கதிரேசன் எனக்கு எழுதிய ஏழு பதில்கள்.