கடைசிப் பெட்டியில் மதியின் பெயர்

மார்ச் 4, செவ்வாய்

பாப்பா பிறந்து மூன்று நாள். இன்னும் மலம் போகவில்லை. வயிறு உப்பி, பச்சையாக வாந்தி. சென்னை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

மார்ச் 6

ஆபரேஷன் முடிந்தது. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு செல்களே இல்லையாம். அதனால் அந்த இடம் எதையும் கீழே தள்ளாது. வயிற்றில் துளை போட்டுப் பை ஒட்டியிருக்கிறார்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு ஆபரேஷன்.

மார்ச் 9

எனக்கு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பத்து வருஷமாகக் குவாலிட்டி வேலை. பழுதான பாகம் வந்தால் 'ஏன்-ஏன்' தாள் எழுதுவோம். ஐந்து தடவை ஏன் என்று கேட்டு, கடைசிப் பெட்டியில் காரணம். பெரும்பாலும் 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று போட்டு மூடிவிடுவோம்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து பாப்பாவுக்கும் ஒன்று எழுதினேன். கடைசிப் பெட்டியில் என் மனைவி பெயர்: மதிவதனி, எட்டாம் மாதம் வரை கம்பெனி பஸ்ஸில் போனது.

மார்ச் 10

டயப்பர் தேடும்போது மதி அந்தத் தாளைப் பார்த்துவிட்டாள். பெற்று பத்து நாள்கூட ஆகவில்லை. மடித்து இருந்த இடத்திலேயே வைத்தாள்.

அம்மாதான், "அந்த பஸ்ல குலுங்கிக்கினு போவாதன்னு நான் அப்பவே சொன்னேன்" என்றாள். நான் தலையாட்டினேன். ஏன்டா ஆட்டின?

ஏப்ரல் 22, செவ்வாய்

பாப்பா, மதி, நான், மூன்று பேருக்கும் எடுத்த ஜீன் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. நான் மட்டும் போயிருந்தேன்.

டாக்டர் கலைமதி பொறுமையாகச் சொன்னார். "எல்லா செல்லுலயும் ஒரே ஜீன்கள்தான். எது எப்போ, எவ்வளவு வேலை செய்யணும்னு முடுக்கிவிடற இடங்கள் இருக்கு. அதை வெச்சுதான் ஒரு பக்கம் இரைப்பை ஆகுது, ஒரு பக்கம் கல்லீரல் ஆகுது." கருவில் ஐந்தாம் வாரம் போல நரம்பு செல்கள் குடலில் மேலிருந்து கீழே நகர ஆரம்பிக்குமாம். அவற்றை நகர வைக்கும் ஜீன் பாப்பாவுக்கு மந்தமாக வேலை செய்திருக்கிறது. கடைசிவரை போய்ச் சேரவில்லை.

"பஸ்ல போனதால..." என்று இழுத்தேன்.

"பஸ்ஸுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. முடுக்கிவிடற இடத்துல இருக்கற மாற்றம் உங்ககிட்டேருந்து வந்திருக்கு. நிறைய பேருக்கு இருக்கும். அது மட்டுமே காரணம்னும் சொல்ல முடியாது. யார் தப்பும் இல்ல."

யார் தப்பும் இல்லையாம். நான் ஒரு பெயர் எழுதி வைத்திருக்கிறேனே!

வீட்டில் மதி, "இன்னா சொன்னாங்க?" என்றாள். "பெருசா ஒண்ணும் இல்ல" என்றேன். தூ!

ஏப்ரல் 25

மதி ராஜினாமா கடிதம் எழுதுகிறாள். ஏழு வருஷ வேலை, அடுத்து லைன் லீடர் ஆக வேண்டியவள். "திங்கக்கிழமை குடுத்துடறேன்" என்றாள். காரணம் எனக்குத் தெரியும். வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் திறக்கவில்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

அம்மாவையும் உட்கார வைத்து, டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட்டேன். மதி பாப்பாவின் பையை மாற்றிக்கொண்டிருந்தாள். முடித்துக் கை கழுவிவிட்டு, "அந்தத் தாள எடுத்துகினு வா" என்றாள்.

அவள் எதிரிலேயே அவள் பெயரை அடித்து என் பெயரை எழுதினேன்.

"அது தானா வந்தது, நீ இன்னா பண்ணுவ? அன்னிக்கி தலையாட்டினியே, அத்த எந்தப் பெட்டில எழுதுவ?"

அம்மா தலை நிமிரவே இல்லை.

ஏப்ரல் 28

மதி கடிதத்தைக் கொடுக்கவில்லை. என்னோடும் பேசவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

இரண்டாவது ஆபரேஷனில் குடலைச் சேர்த்து ஒரு மாதம். இரண்டு நாளாகப் பாப்பாவுக்கு மலம் போகவில்லை. பழைய பயம். மதி மனசே இல்லாமல் முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பினாள். நான் லீவு.

பதினொன்றரைக்குப் பாப்பா போனாள். தானாக, தாராளமாக. வேலை நேரத்தில் மதியின் போன் கம்பெனி லாக்கரில் இருக்கும், சொல்ல வழியில்லை.

அம்மா பாப்பாவின் மலத்துணியை அலச எடுத்தாள். வாங்கி வைத்துக்கொண்டேன். நாலு மணிக்குக் கம்பெனி பஸ் வரும். மதி பார்த்த பிறகு நானே துவைக்கிறேன்.