வயிறில்லாத கித்தார்

1972 மார்ச் 6, திங்கள்

ஆறாயிரத்து நூற்றுப் பன்னிரண்டாவது சுற்றில் கம்பி அறுந்தது. இன்னும் ஆயிரத்துச் சொச்சம்தான் பாக்கி. கித்தாரின் காந்தச் சுருளை அம்மாவின் தையல் மெஷினில் நூல் சுற்றுகிற இடத்தில் வைத்துத்தான் சுற்றுகிறேன். தலைமுடியை விட மெல்லிய செப்புக் கம்பி, கை கொஞ்சம் முந்தினாலும் போச்சு. நூறுக்கு ஒரு கோடு என்று பென்சிலால் போட்டுவந்த அறுபத்தொரு கோடுகளையும் அடித்துவிட்டு எழுந்தேன்.

பின்னேரம் யாகூப் நானா மரத்தைக் கொண்டுவந்து தந்தார். இங்கே மாத்தளை கொங்காவலயில் அலுமாரி, கட்டில் செய்கிறவர். எனக்காக இந்த மூன்றாவது மின்சாரக் கித்தாருக்கும் உடம்பு வெட்டித் தந்திருக்கிறார். முதல் இரண்டும் உறுமினவே தவிரப் பாடவில்லை. சப்பு மரம், ஒரே துண்டு. மேசையில் வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“கித்தார்ண்டா வயிறு ஈக்கோணும் தங்கச்சி. இது ரொட்டி தட்டுற பலகை.”

“சத்தம் வயித்துல இல்ல நானா. இந்தச் சுருள்ல இருக்கு.”

“அப்ப மரம் எதுக்கு?”

தந்தியைப் பிடித்து நிற்க என்றேன். அது மட்டும்தானா? எனக்கே சரியாகத் தெரியாது. தெரிந்துகொள்ளத்தானே இவ்வளவு பாடு.

மார்ச் 9

ஏழாயிரத்து இருநூறு. கம்பி அறுபடவில்லை.

மார்ச் 14, செவ்வாய்

நோபர்ட் அண்ணனோடு சண்டை. திருகோணமலை வீதியில் எங்கள் ரேடியோக் கடை அவன் பெயரில் இருக்கிறது. உள்ளே பாதி வேலை என்னுடையது. எங்கிருந்தோ ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தின் தாளைக் கிழித்து வைத்திருக்கிறான். அதில் இருக்கிற கித்தாருக்குக் கழுத்தின் இரண்டு பக்கமும் நீண்டு இரண்டு கொம்பு. அதே மாதிரி வெட்டியிருக்க வேண்டுமாம்.

நான் வெட்டச் சொன்னது மேலே ஒரு கொம்பு மட்டும். கீழ்க் கொம்பு இருந்தால் இடது கை உச்சிச் சுரங்களுக்குப் போகும்போது இடிக்கிறது. வாசித்துப் பார்த்துத்தான் சொல்கிறேன். அடிப்பக்கத்தை நேராக வெட்டச் சொன்னேன், உட்கார்ந்து வாசித்தால் மடியில் நழுவாது.

“கொம்பு உடைஞ்ச மாடு மாதிரி இருக்கு. எவன் வாங்குவான்?”

“கொம்பை வச்சா வாசிக்கிறாங்க?”

“கொம்பைப் பாத்துத்தான் வாங்குறாங்க.”

அவன் சொன்னதில் உண்மை இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

மார்ச் 19, ஞாயிறு

பூசை முடிந்து வந்து தந்தி பூட்டினேன். மெல்லிய தந்திகள் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்து எடுத்தவை. தடித்தவற்றுக்கு மேலே செப்பு சுற்றினேன். சாவிகள் ஓர் உடைந்த மேண்டலினுடையவை. அம்ப்ளிபயரில் போட்டதும் — பாடியது! உறுமல் இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து வந்து, “இது ரேடியோவா?” என்று கேட்டார்கள். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

தலைப்பக்கம் வெள்ளைப் பெயின்டால் தமிழில் ‘கொறற்றி’ என்று எழுதினேன். மரிய கொறற்றி என்ற என் முழுப் பெயருக்கும் இடம் போதவில்லை. பிறகு முதுகுப்பக்கத் தகட்டைக் கழற்றி உள்ளே கணக்கு எழுதிய ஒரு தாளை ஒட்டினேன். மரமும் நானாவின் கூலியும் 140. சாமான் 105. என் வேலை பத்து நாள் 100. கடைக்கு 40. ஆக விலை ரூபா 385.

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். விலை என்பது வருகிறவன் சப்பாத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதாம். நல்ல சப்பாத்து என்றால் ஆயிரம், செருப்பு என்றால் நானூறு.

இருக்கட்டும். என் கித்தாருக்கு ஒரே விலை. சப்பாத்துக்கும் அதுதான், வெறுங்காலுக்கும் அதுதான்.

மார்ச் 25, சனி

ஒரு கிழமையில் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். மூன்று பேரும் வாசித்தார்கள். மூன்று பேருக்கும் சத்தம் பிடித்தது. விலையைச் சொன்னதும் முகம் சுருங்கியது. அதிகம் என்று நினைத்தால் சரி, குறைவு என்று சுருங்குகிறது! “முந்நூத்தி எண்பத்தஞ்சுக்கு என்ன கித்தார் வரும்?” என்று ஒருவர் கையிலே வைத்துக்கொண்டே கேட்கிறார். கப்பலில் வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வராத காலம். கண்டியில் ஒரு பழைய வெளிநாட்டுக் கித்தார் ஆயிரத்து இருநூறுக்குப் போகிறதாம், கழுத்து கோணலாம், பரவாயில்லையாம்.

விலையைக் கூட்டட்டுமா? கூட்டினால் எதற்கென்று அந்தத் தாளில் எழுதுவேன்? வாங்குகிறவரின் மனத்திருப்திக்கு என்றா? கூட்ட மாட்டேன்.

மார்ச் 28, செவ்வாய்

பழைய ஸ்பீக்கர் இரண்டு இருக்கிறதென்று பலாபத்வலைக்குப் போனேன், காந்தத்துக்காக. வந்து பார்த்தால் கித்தார் இல்லை. அண்ணன் தொள்ளாயிரம் ரூபாயை விசிறி மாதிரி விரித்துக் காட்டுகிறான். றத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துக் கிளாக்கர் வாங்கிப் போனாராம், பெயர் சுந்தரலிங்கம், இசைக்குழு வைத்திருக்கிறாராம்.

“எப்படி?”

“பேசத் தெரியணும்.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விற்றுப்போய்விட்டது, விற்றுப்போய்விட்டது என்றுதான் மனம் குதித்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

மார்ச் 29

அம்மா காலையிலிருந்து பொத்தான் போட்டு வைக்கிற பிஸ்கட் டின்னைத் தேடினார்கள். கடை மேசைக்குக் கீழே கிடந்தது. பக்கத்தில் மெல்லிய தூரிகை, தங்க நிறப் பெயின்ட். டின் மூடியில் வளைந்த இங்கிலீஷ் எழுத்தில் பெயர்: வின்ஸ்டேல்.

அண்ணன் ஒளிக்கவும் இல்லை. என் பெயரைச் சுரண்டிவிட்டு, அந்த எழுத்தை அப்படியே பார்த்து எழுதினானாம். “கப்பல்காரன் ஒருத்தன் கொண்டாந்ததுன்னு சொன்னேன். நம்பிட்டாரு. இப்ப என்ன?”

இப்ப என்னவா? நான் பத்து நாள் கண்ணு வலிக்க வலிக்கச் சுத்தினது பிஸ்கட் கம்பெனிக்காரனுக்கா? என் பேரு என்ன, ஊத்தையா? சுரண்டி எடுக்க? கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும், கேட்கட்டும்.

மார்ச் 30, பெரிய வியாழன்

முடிவு செய்துவிட்டேன். கித்தாரை மீட்பேன், இல்லையென்றால் என் பெயரையாவது மீட்பேன்.

அண்ணன் அதற்குள் நூற்று எண்பதைச் செலவழித்துவிட்டான். கைக்கடிகாரத்துக்கென்று நான் சேர்த்ததில் இருந்து அதைப் போட்டுத் தொள்ளாயிரத்தை நிரப்பினேன். யாகூப் நானாவிடம் சொன்னேன். “அவர் சந்தோசமாத்தானே வாங்கிட்டுப் போனார், உடுங்களேன்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் உளியைத் தீட்டிவிட்டு, “என்ட அலுமாரில வேற ஆள்ட பேரைப் போட்டா நானும் போவேன்தான்” என்றார்.

ஏப்ரல் 4, செவ்வாய்

பாஸ்குப் பண்டிகை முடிந்ததும் போய்விட்டேன். றத்தோட்டை வரை ஒரு பஸ், அங்கிருந்து இன்னொன்று, பிறகு ஒரு மைல் ஏற்றம், மூடுபனி. சுந்தரலிங்கம் குவாட்டர்ஸில் இருந்தார். நாற்பது வயதிருக்கும், மரியாதையான மனிதர். கித்தாரைத் துவாயில் சுற்றிச் சோபா செட்டியில் படுக்க வைத்திருந்தார், பச்சைப் பிள்ளை மாதிரி. அவர் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். ரேடியோக் கடையிலிருந்து வருகிறேன் என்றேன்.

“பார்ட்ஸ் பாக்க வந்தீங்களா மிஸ்? நல்ல மேக். எங்க மச்சான் லண்டன்ல இதே வின்ஸ்டேலைக் கடையிலயே பாத்திருக்கானாம்.”

“பாத்திருப்பாரு. பிஸ்கட் கடையில.”

முதுகுத் தகட்டைக் கழற்றித் தாளைக் காட்டினேன். அதைச் சுரண்ட அண்ணனுக்குத் தோன்றவில்லை. அவர் இரண்டு தரம் வாசித்தார். காது சிவந்துவிட்டது. மனைவி உள்ளே போய்விட்டார். நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

“பணம் வேணாம் மிஸ். நீங்க வந்தத மறந்துடுங்க. பேரை மட்டும் விட்டுடுங்க. தோட்டத்துத் துரை வரைக்கும் சொல்லிட்டேன்.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஏமாந்தவரே ஏமாற்று வேண்டும் என்கிறார்! ஒரு நிமிடம் எனக்கும் மனம் ஆடியது. தொள்ளாயிரமும் கையில், கடிகாரமும் வாங்கலாம். பிறகு பணத்தை அவர் மேசையில் எடுத்து வைத்தேன்.

“இந்தத் தொள்ளாயிரத்தையும் வச்சுக்கங்க, கித்தாரை நான் கொண்டு போறேன். இல்லாட்டி கித்தாரை நீங்க வச்சுக்கங்க, ஐநூத்திப் பதினஞ்சு திருப்பித் தாறேன், என் பேரை எழுதிட்டுப் போறேன். மூணாவது வழி கிடையாது.”

“விலையை உள்ளுக்கு ஒட்டி வச்சா, நாளைக்கு நான் எப்படிக் கூட்டி விக்கிறது?”

“விக்காதீங்க. வாசிங்க.”

பதினைந்தாம் திகதி கிளப்பில் புதுவருசத்து டான்ஸ், அவர் குழுதான் வாசிக்கிறது. வேறு கித்தார் எங்கே போய்த் தேடுவார்? பெருமூச்சு விட்டுவிட்டு ஐநூற்றுப் பதினைந்தை எண்ணி எடுத்துக்கொண்டார். “சின்னதா எழுதுங்க மிஸ்” என்றார். பெயின்டும் தூரிகையும் கொண்டு போயிருந்தேன். வின்ஸ்டேலைச் சுரண்டிவிட்டு, பழைய அளவிலேயே எழுதினேன்.

ஏப்ரல் 5

அண்ணன் பேசவில்லை. நானும்தான்.

ஏப்ரல் 16, ஞாயிறு

அண்ணன் பேசிவிட்டான். கிளப் டான்ஸுக்கு அம்ப்ளிபயர் பார்க்கப் போனவன் காலையில் வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னான். சுந்தரலிங்கம் கித்தார் தலையில் கைக்குட்டை கட்டி வாசித்தாராம், தலைவலிக்குக் கட்டுகிற மாதிரி. மூன்றாவது பாட்டில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்களாம். என்ன மேக் என்று ஆளுக்கு ஆள் கேட்டார்களாம். “வெளிய சொல்லக் கூடாத மேக்” என்றாராம் அவர்.

அம்மா சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கிணற்றடிக்குப் போய் அழுதேன். அவர்களுக்கு என் சத்தம் வேண்டும், என் பெயர் வேண்டாம்.

நாலாவது கித்தாருக்குக் கம்பி வாங்க வேண்டும். நாளைக்கே.

மே 9, செவ்வாய்

நாவுலயிலிருந்து நுஹ்மான் என்று ஒருவர் வந்தார். கலியாண வீடுகளில் வாசிக்கிறவர், காலில் ரப்பர் செருப்பு.

“அந்தக் கைக்குட்டைக் கித்தார் ஒண்டு வேணும்.”

“கைக்குட்டை நாங்க போடுறதில்ல.”

“அது இல்லாட்டி எவ்வளவு?”

அண்ணன் செருப்பைப் பார்த்து வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டு நாலாவது கித்தாரின் தகட்டைக் கழற்றி, தாளைக் காட்டினேன். நுஹ்மான் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். “பத்து நாளைக்கு நூறா? மேசன் பாஸே ஒரு நாளைக்குப் பன்ரண்டு எடுக்கிறானே” என்றார். பேரம் பேசாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். கடை தொடங்கிய நாளிலிருந்து எங்களிடம் பேரம் பேசாத முதல் ஆள் அவர்தான் என்று அண்ணனே பிறகு சொன்னான்.

வாங்க வந்தவர் என் கூலி குறைவு என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 2

இனி என் ஒரு நாள் கூலி பன்னிரண்டு. விலை 405. தாளிலும் மாற்றி எழுதியாயிற்று.

1973 ஜனவரி 20, சனி

சுந்தரலிங்கம் தந்தி வாங்க வந்தார். கித்தார் தலையில் கைக்குட்டை இல்லை. நான் கேட்கவில்லை. அவராகவே, “துவைக்கப் போட்டிருக்கு மிஸ்” என்றார்.

ஒன்பதாவது கித்தார் நேற்று போனது. யாகூப் நானா இப்போது கொம்பைத் தானாகவே ஒன்றாக வெட்டுகிறார், “பலகை” என்று சொல்வதை மட்டும் விடவில்லை.

1974 பெப்ரவரி 14, வியாழன்

திங்கட்கிழமை ஒருவர் கித்தார் ஒன்றைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார், பளபளவென்று சப்பாத்து. ஒரு கொம்பு, நேரான அடி. தலையில் வெள்ளைப் பெயின்டால் ‘கொரட்டி’ என்று இருந்தது. தகட்டைக் கழற்றினேன். உள்ளே தாள் இல்லை. சுருள் காக்கைக் கூடு மாதிரி.

“பாத்துக் கை வைங்க தங்கச்சி. அசல் மாத்தளைக் கொரட்டி. அறுநூத்தி ஐம்பது குடுத்தேன்.”

“அசல்ல பெரிய ற வரும். விலையும் நானூத்தி அஞ்சுதான்.”

“அது பழைய மாடல்” என்றார். “உங்களுக்கு இந்த லைன் பழக்கமில்ல போல.”

அண்ணன் ஒரு ரேடியோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு இருமினான், இருமினான், நிறுத்தவே இல்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. யாரோ என் பெயரைத் திருடியிருக்கிறான், அதையும் எழுதத் தெரியாமல்! திருடுகிற அளவுக்கு அது ஒரு பெயராகிவிட்டதா என்று நினைத்ததும் கோபத்துக்குள்ளேயே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, வியாழக்கிழமை வாங்க என்றேன்.

ஏழாயிரத்து இருநூறு சுற்று, முழுவதையும் புதிதாகச் சுற்றினேன். இன்று வந்து வாசித்துப் பார்த்தார்.  திரும்பவும் வாசித்தார்.

“வாங்கின அன்னைக்குக்கூட இப்படிக் கேக்கலையே.”

பதினெட்டு ரூபாய்க்கு ரசீது எழுதி, மரிய கொறற்றி என்று முழுப் பெயரையும் போட்டுக் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். மடித்துப் பைக்குள் வைக்கப் போனவர், வாசலில் நின்று அதை விரித்து வாசித்தார். பிறகு கித்தாரின் தலையைப் பார்த்தார். சப்பாத்தைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார்.