கறுப்புப் பட்டி மருமகன்

2024 மே 12, ஞாயிறு
என் ஓட்டோவில் களுதாவளைக்கு ஒரு ஹயர், ஆளை இறக்கிவிட்டேன். திரும்பி வந்து போனில் சண்டைப் படம் பார்த்தேன். கிழட்டுக் குரு சீடனிடம் சொல்கிறார்: அடிக்கத் தெரிந்தவன் கை ஓங்க மாட்டான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு மிச்சப் படிப்பைத் தந்தது இந்தக் குருமார்தான். மகள் தனுஷியாவுக்கு மூன்று சம்பந்தம் வந்தபோது விஜிதரனை மாப்பிள்ளையாகப் பிடித்ததும் அந்தப் படிப்பால்தான். கராத்தே மாஸ்டர், கறுப்புப் பட்டி! புஸ்பம் அன்றைக்கே கேட்டாள்: "இடுப்புப் பட்டியப் பாத்தா மாப்பிள எடுக்கிற?" என் பெண்சாதிக்குச் சினிமா அறிவு குறைவு.

ஊர் வழக்கப்படி வீட்டைச் சீதனமாக மகளுக்கு எழுதிவிட்டு நாங்கள் இருவரும் பின்னால் இறக்கிய பத்தியில். அவர்கள் முன்வீட்டில். இடையில் ஒரு சுவர்தான்.

மே 20
தனுஷியாவின் கையில் நீலம். கதவு அடித்ததாம். நான் போட்ட கதவு அது. அப்படி அடிக்கிற கதவில்லை.

மே 27
சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம். பிறகு சத்தமே இல்லை — அதுதான் பயம். "போய்க் கேளுங்க" என்றாள் புஸ்பம். போனேன். "தம்பி, வித்தை தெரிஞ்சவன்..." என்று தொடங்கினேன். அவன் சிரித்தான். "மாமா, படத்தில பாத்ததெல்லாம் எனக்குப் படிப்பிக்காதங்க. உங்கட மகளுக்கு வாய் கூடிப்போச்சு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். சீனி அளவாக இருந்தது. நானெல்லாம் ஒரு தகப்பன்!

ஜூன் 3
மகளிடம் பொறுமையைப் பற்றிச் சொன்னேன். படத்தில் சீடன் எவ்வளவு அடி வாங்குகிறான், எவ்வளவு தண்ணீர் சுமக்கிறான் என்றெல்லாம். "ஓமப்பா," என்றாள். "அவன் கடைசில திருப்பி அடிப்பான். எனக்கு அந்தக் கடைசி எப்ப வரும்?"

எந்தக் குருவிட்டப் போய்க் கேக்க?

ஜூன் 16
அவள் கத்தினது கேட்டு ஓடிப்போய் நடுவில் நின்றேன். கையை எப்படி வைப்பது என்று எத்தனை படத்தில் பார்த்திருப்பேன்! வைத்தேன். அவன் ஒரு காலைத்தான் போட்டான். நான் சீமெந்துத் தரையில், மணிக்கட்டு முறிந்து கிடக்கிறேன். விழுத்திவிட்டு இடுப்பை வளைத்து என்னை வணங்கினான் — வகுப்புப் பழக்கம். படத்தில் அந்த வணக்கத்தைப் பார்த்துக் கண்கலங்குகிற ஆள் நான்.

இடக்கையால் எழுதுகிறேன். கோழி கிளறினமாதிரி.

ஜூன் 19
ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டேன். "மாஸ்டரா? ஒழுக்கமான புள்ள. எங்கட பிள்ளையளையும் அவரிட்டத்தானே விட்டிருக்கம். நீங்க தடுக்கி விழுந்திருப்பீங்க." அவர்களும் நான் பார்த்த படங்களைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

பொலிசுக்குப் போவம் என்றாள் புஸ்பம். தனுஷியா மறுத்துவிட்டாள். "போய்ட்டுத் திரும்பி இந்த வீட்டுக்குத்தானே வரணும்?"

ஜூலை 7
தனுஷியா போய்விட்டாள். ஒரு ராத்திரிப் பயணத் தூரத்துக் கட்டுநாயக்காவில் ஆடைத் தொழிற்சாலை வேலை. அவளுடைய வீட்டில் அவன் இருக்கிறான். போ என்றால் சிரிக்கிறான்.

ஓகஸ்ட் 18
மாஸ்டர் இப்போது வகுப்பை எங்கள் வீட்டு வளவிலேயே நடத்துகிறார். வெள்ளை உடுப்பில் பிள்ளைகள் வரிசையாக நின்று கத்துகிறார்கள். தன் மகளை வகுப்புக்குக் கூட்டிவந்த, பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கிற சுலோஜனா பத்தியடிக்கு வந்து, "மாமா, இப்பிடி ஒரு மருமகன் கிடைக்கக் குடுத்துவைக்கணும்" என்றாள்.

முறிந்த கையைக் காட்டினேன். மகள் ஏன் போனாள் என்றும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

"சும்மா பகிடி விடாதங்க மாமா." வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஊரில் என்னை எதையும் சொல்லிச் சிரிக்கவைக்கிற பகிடிக்காரனாகத்தானே தெரியும்.

அவள் இடத்தில் நானென்றாலும் சிரித்திருப்பேன்.