நெட்டையன் சரியாகத்தான் எறிந்தான்

இன்று காலை, வீடு இருக்கும் தாகேதாவிலிருந்து வரும் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் கைப்பையிலிருந்து தைலக் குப்பியை எடுத்து மணிக்கட்டில் தேய்த்துக்கொண்டாள். மழைக்காக ஜன்னல்களை மூடியிருந்தார்கள். வாசனை போக வழியில்லாமல் வண்டிக்குள்ளேயே நின்றது. நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, நனைந்தபடி திரும்பி நடந்து வந்து, வேலையைத் தொடங்காமல் உனக்கு இதை எழுதுகிறேன்.

நாள் முழுக்க மவுஸைக் கிளிக் செய்து உன் வலது மணிக்கட்டு வீங்கிவிடும். காலையில் ஒருமுறை, சாப்பிட்ட பிறகு ஒருமுறை தைலம் போடுவாய். நாம் ஐந்து பேர் இருந்த அந்தச் சின்ன அறைக்கு உன் வாசனைதான். மற்ற மூன்று பர்மியப் பெண்களும் கேலி செய்வார்கள். நீ அவர்களுக்கும் கொஞ்சம் தேய்த்துவிடுவாய்.

நம் வேலையை வீட்டில் சொல்லி விளங்கவைக்க என்னால் முடிந்ததே இல்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடும் கால்பந்தை வீடியோவில் பார்த்து, ஒவ்வொரு எறிதலையும் பதிய வேண்டும். நாம் பதிவதைக் கூட்டிக் கழித்து எந்த ஆட்டக்காரன் எப்படி என்று அங்கே கல்லூரிகளுக்கு அறிக்கை போகும். முதல் நாள் நீ திரையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "கால்பந்துங்குறானுக, இதுல காலு எங்கடி வருது?"

பந்தைக் கையில் வாங்கி, முன்னால் ஓடும் தோழனுக்கு எறிபவனுக்கு குவாட்டர்பேக் என்று பெயர். நாம் 'எறிகாரன்' என்று வைத்துக்கொண்டோம். எறிந்ததில் எத்தனை பிடிபட்டது என்பதுதான் அவனுடைய முதல் மதிப்பெண். பிடிபடாமல் போனால் அதற்கு யார் காரணம் என்று பதிவது நம் பொறுப்பு. ஆறு மாதத்தில் நீ அதில் எங்கள் எல்லோரையும் தாண்டிவிட்டாய். நாங்கள் பதிந்ததைச் சரிபார்க்கும் வேலையை உன்னிடம் கொடுத்தார்கள். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினிலிருந்து பாலம் தாண்டி இரண்டு பேருந்து மாறி வருகிறவள், எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாய்.

அந்த வருடம் ஒரே கல்லூரியின் இரண்டு எறிகாரர்களை ஒப்பிட்டுக் கேட்டிருந்தார்கள். அடுத்த பருவத்தில் யாரை முதலில் இறக்குவது என்பது கேள்வி. ஒருவன் தாடிக்காரன், மற்றவன் நெட்டையன். நமக்கு அவ்வளவுதான் பெயர். நெட்டையனின் ஆட்டங்கள் என் பங்குக்கு வந்தன. என் வீட்டுக்காரர் டெங்குவில் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் அவை. காலையில் அங்கிருந்து நேராக அலுவலகம் வருவேன். கண் திரையில் இருக்கும், மனம் அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாளில் இருக்கும். எப்படியோ பதிந்து முடித்தேன். அறிக்கையில் தாடிக்காரன் வெகு தூரம் முன்னால் நின்றான்.

அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்னால் நீ என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாய்.

"மாலா, வாடி, கீழ போய் டீ குடிச்சிட்டு வரலாம்."

தேநீர்க் கடையின் குட்டை நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னாய்.

"நெட்டையனோட ஆட்டத்த மறுபடி பாத்தேன். கையில பட்டுக் கீழ விழுந்ததையெல்லாம் 'தவறான எறிதல்'னு போட்டிருக்க. பிடிக்கிறவன் விட்டதுக்கு எறிஞ்சவன் என்னடி பண்ணுவான்?"

அதற்கு முந்தின மாதம்தான் இதே மாதிரித் தப்புக்காக ஒருத்தியை வேலையைவிட்டு அனுப்பியிருந்தார்கள்.

"விட்டுடு. யாருக்குத் தெரியப்போவுது? எங்கயோ அமெரிக்காவுல இருக்குற பையன்."

"அவனுக்குத் தெரியும்ல," என்றாய். "ஒழுங்காத்தான எறிஞ்சோம், அப்புறம் ஏன் நம்மள உக்கார வச்சாங்கன்னு அவன் யோசிச்சிக்கிட்டே கெடப்பான். காரணம் நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

நான் அழுதேன். நீ உன் டீயையும் என் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போனாய். நான் மேலே வந்தபோது மேலாளர் கோ நாயிங்கின் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தாய்.

"ஒரு வாரம் குடுத்திருக்காரு. மொதல்லேருந்து பாக்கணும்."

"எம் பேரச் சொன்னியா?"

"பேரெல்லாம் எதுக்கு? உக்காரு."

அந்த ஒரு வாரத்தை நான் மறக்கமாட்டேன். மின்சாரம் போய் ஜெனரேட்டர் இரைய இரைய, ஒரே எறிதலை நான்கு தடவை, ஐந்து தடவை ஓடவிட்டுப் பார்த்தோம். பிடிபட்டதை எண்ணினால் மட்டும் போதாது என்று நீ புதிதாகப் பிரித்தாய். கிட்டத்து எறிதல் தனி, தூரத்து எறிதல் தனி. நிதானமாக நின்று எறிந்தது தனி, எதிராளி மேலே பாய்ந்து வரும்போது எறிந்தது தனி. தாடிக்காரன் பெரும்பாலும் பக்கத்தில் நிற்பவனுக்கே எறிந்திருந்தான். அது பிடிபடாமல் போனால்தான் அதிசயம். நெட்டையனைக் காக்க வேண்டியவர்கள் எதிராளிகளைத் தடுக்காததால் அவனால் ஒரு நொடிகூட நிற்க முடியவில்லை. எல்லாம் முடிந்தபோது மொத்தத்தில் இருவரும் ஏறக்குறைய சமமாக நின்றார்கள். தூரத்து எறிதலில் நெட்டையன் முந்தியிருந்தான். அன்று மத்தியானம் நீ வீட்டிலிருந்து கொண்டுவந்த புளிச்சோற்றை இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டோம். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று போன் வந்ததும் அப்போதுதான்.

ஆனாலும் அடுத்த பருவத்தில் தாடிக்காரனைத்தான் இறக்கினார்கள். எனக்குக் கோபம் வந்தது. நீ சிரித்தாய். "முடிவு பண்றது அவங்க வேலை. நம்ம தாளு சரியா இருந்துச்சா, அது போதும்."

பருவத்தின் கடைசி ஆட்டங்களில் ஒன்றில் தாடிக்காரனுக்குத் தோளில் அடிபட்டது. அங்கே சனிக்கிழமை சாயங்காலம், நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை. நெட்டையன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஓடிவந்தான். அவன் முதலில் எறிந்த பந்து பிடிப்பவனின் இரண்டு கைக்குள்ளும் புகுந்து கீழே விழுந்தது. நீ பர்மிய மொழியில் சத்தமாகத் திட்டிய திட்டில் அறையே திரும்பிப் பார்த்தது. நான் அதை 'பிடிப்பவர் விட்டது' என்று பதிந்தேன். அடுத்ததைப் பாதி மைதானத்துக்கு அப்பால் எறிந்தான். பிடிபட்டது. நீ நாற்காலிமேல் ஏறி நின்று கைதட்டினாய். ஒன்பதாயிரம் மைலுக்கு இந்தப் பக்கம் இப்படி இரண்டு பெண்கள் இருந்தது அவனுக்குத் தெரியவே தெரியாது.

போன வருடம் மழை தொடங்கும்போது உனக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். மழை விடுவதற்குள் போய்விட்டாய்.

மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து எல்லோரும் உன் வீட்டுக்குப் போனோம். உன் அம்மா எங்களுக்குக் காப்பி கொடுத்தார். திரும்பும் வழியில், வண்டி பாலத்தின்மேல் நெரிசலில் நின்றபோது, கோ நாயிங் பர்மிய மொழியில் சொன்னார். "குழுத்தலைவி பொறுப்பு அவளுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. அந்த இரண்டு எறிகாரர் அறிக்கையில் தன் தப்பு என்று அவளே வந்து சொன்ன குளறுபடியால் மேலிடத்தில் நிறுத்திவிட்டார்கள். அவ்வளவு கவனமான பெண், அந்த ஒரு தடவை எப்படியோ சறுக்கிவிட்டாள்."

அந்த அறிக்கைக்கு அடுத்த வருடம் அந்தப் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். முதலில் கைகொடுத்தவள் நீ. அன்றுகூட நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாலத்தின்மேல் என் வாய் திறக்கவில்லை. அதற்கு நான் வெட்கப்படுகிறேன். திங்கட்கிழமை காலை அவர் அறைக்குப் போனேன்.

"அந்தத் தப்பு என்னுடையது. அவள் கண்டுபிடித்தாள், அவ்வளவுதான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அவளே இல்லை. இப்போது எதற்கு?"

"பதிவேட்டில் அவள் பெயரில் இருக்கிறது. என் பெயருக்கு மாற்ற வேண்டும்."

வேலை போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் கணினியில் பழைய கோப்பைத் திறந்தார். உன் பெயருக்கு எதிரில் இருந்த ஒரே ஒரு குறிப்பை அழித்தார். என் பெயரைத் தேடி, அங்கே அதை எழுதினார். பிறகு கணினியை என் பக்கம் திருப்பிக் காட்டி, "சரியா?" என்றார்.

நான் இரண்டு பக்கங்களையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தேன். உன் பக்கத்தில் எதுவும் இல்லை. என் பக்கத்தில் அந்த ஒரு வரி இருக்கிறது. இந்த அலுவலகத்தில் என் பெயருக்கு எதிரில் எழுதியிருப்பதிலேயே எனக்குப் பிடித்த வரி அதுதான்.