நட்சத்திரம் காட்டிய கூடம்

அன்புள்ள மாமாவுக்கு,

பட்டணம் வந்து சேர்ந்தோம். இன்று ஆஸ்பத்திரியில் நம் அன்னக்கொடியின் கண்ணைப் பார்த்தார்கள். அதைப் பிறகு எழுதுகிறேன்.

"சோலி முடிஞ்சதும் நம்ம பிள்ளைக்கு ஊரச் சுத்திக் காட்டு" என்று சொல்லி அனுப்பினீர்களே, அதனால் அறிவியல் காட்சிசாலைக்குக் கூட்டிப்போனேன். நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது. ஓர் இரும்பு உருண்டையைத் தொட்டதும் அவள் தலைமுடியெல்லாம் சிலிர்த்து நின்றது. வாய்விட்டுச் சிரித்தாள்.

பிறகு வட்டமான இருட்டுக் கூடத்தில் உட்கார வைத்தார்கள். கூரை முழுக்க நட்சத்திரம். நம் குரங்கணி மலையில்கூட அத்தனை பார்த்ததில்லை.

"எம்புட்டு இருக்கு பாத்தியா?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"ஆமாத்தா, அழகா இருக்கு" என்றாள். திரும்பினேன். அவள் அண்ணாந்துகூடப் பார்க்காமல் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

வெளியே ஆளுயரத் தட்டுகள் இரண்டு, தள்ளித் தள்ளி எதிரெதிராக நிற்கின்றன. ஒன்றில் மெல்லப் பேசினால் மற்றதில் கேட்கும் என்றார்கள். அவளை அங்கே நிறுத்திவிட்டு, இங்கே காதை வைத்தேன்.

"ஆத்தா, டாக்டரு ஒன்கிட்டச் சொன்னது எனக்கும் கேட்டுச்சு. இனிப் பார்வை திரும்பாதாம்ல. அப்பாகிட்ட இப்பச் சொல்லாத. மலையில தனியா இருந்து அழுவாரு."

"சரிம்மா" என்று மட்டும் சொன்னேன்.

ஆனாலும் எழுதிவிட்டேன். தனியாகச் சுமக்க எனக்குத் தெம்பில்லை. அழுகையை எஸ்டேட்டிலேயே முடித்துவிட்டு ஜீப்பில் இறங்கி வாருங்கள். கீழே போடியில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது, கையைப் பிடிக்க நீங்கள் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையைப் பெற்றவள்