ரோட்டிலிருந்து விழுந்த ஓட்டுகள்

அப்பா,

தேர்தலன்று காலை லாரி டிரைவர் சங்க அலுவலகத்துக்குள் நுழைந்ததும் பழைய ஓட்டுப்பெட்டிதான் கண்ணில் பட்டது. மூடியில் துளை வெட்டிய பிஸ்கட் தகர டப்பா. இந்த முறை அதற்கு வேலை இல்லை என்று யாரோ அதைக் கவிழ்த்து, மேலே என் மடிக்கணினியை வைத்திருந்தார்கள். சிரிப்பு வந்துவிட்டது. உடனே உங்களிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

நீங்கள் செயலாளர் பதவிக்கு நின்ற வருடம் அந்தப் பெட்டியில் உங்கள் ஓட்டே விழவில்லை. விஜயவாடா பக்கம் லோடு இறக்கக் காத்திருந்தீர்கள். நெடுந்தூர லாரிக்கு இரண்டு டிரைவர் கட்டாயம் என்பதுதான் உங்கள் ஒரே கோரிக்கை. அதை விரும்பியவர்கள் எல்லாரும் உங்களைப் போலவே ஊரில் இல்லை. தோற்றுத் திரும்பி வந்து, "எனக்குப் போடறவன் பூராம் ரோட்டுல கெடக்கறான் சாமி, பொட்டி மட்டும் ஊருல இருக்குது" என்று சிரித்தீர்கள். இரண்டு வருடம் கழித்து, ஒரு விடிகாலையில், தனியாக ஓட்டி வரும்போது உங்கள் கண் அசந்துவிட்டது; நீங்கள் வீடு வந்து சேரவே இல்லை.

படிப்பு முடிந்ததும் அதே சங்கத்தில் கணினி வேலைக்குச் சேர்ந்தேன். போனிலேயே ஓட்டுப் போடலாம் என்று சொன்னது நான்தான். கூட்டத்தில் பேச எனக்கு எவ்வளவு கூச்சம் என்று உங்களுக்குத் தெரியும். தலைவர், "பொட்டியில போட்டாலே சண்டை. போனுல போட்டா ஆரு புள்ள நம்புவா? சரி, ஒருக்கா பாக்கலாம். வெளங்கலீன்னா மறுபடி பொட்டிதான்" என்றார். உங்கள் கோரிக்கையோடு இம்முறை நின்றவர் குப்புசாமி அண்ணன். அவரும் நெடுந்தூர டிரைவர்.

எட்டு மணிக்கு ஆரம்பித்தது. பத்து மணி வரை வெளியூரிலிருந்து ஒரு ஓட்டுகூட இல்லை! உறுப்பினர் எண்ணைப் போட்டால் போனுக்கு ரகசிய எண் வர வேண்டும். அதைப் போட்டால்தான் ஓட்டு. "ஏனுங்க, நெம்பரு வருமின்னீங்க, ஒண்ணும் வரலீங்களே?" என்று ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டார்கள். தலைவர் பெட்டியைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

பதறிப்போய், போன் எண்களை எடுத்துக் கணினியில் ஏற்றிய பழைய உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினேன். உங்கள் பெயர் வந்தது. அதற்கு எதிரே அம்மாவின் போன் எண்! "ரோட்டுல இருக்கறவனுக்கு எதுக்கு நெம்பரு? ஊட்டு நெம்பரைக் குடுத்தாச் சேதி தப்பாது" என்பீர்களே. நீங்கள் மட்டுமா? ஏறக்குறைய எல்லாரும் அப்படித்தான் கொடுத்திருந்தார்கள். ரகசிய எண்கள் அத்தனையும் திருச்செங்கோட்டிலும் ராசிபுரத்திலும் அடுப்படிகளில் வந்து விழுந்துகொண்டிருந்தன.

வீடு வீடாகப் போன் செய்தேன். "அக்கா, வர்ற நெம்பரை அண்ணனுக்குப் படிச்சுச் சொல்லுங்க, வெரசா!" ஒரு அக்கா என்னையும் இணைப்பில் வைத்துக்கொண்டே கணவரைக் கூப்பிட்டாள்.

"ஆருக்குப் போடறீங்கன்னு சொல்லுங்க. அப்பறந்தான் நெம்பரு."

"ரகசிய ஓட்டுடி!"

"என்ற போனுக்கு வந்ததுல என்ன ரகசியம்? ரெண்டு டிரைவர் வேணுங்கறவருக்குப் போடுங்க. நீங்க முழுசா ஊடு வந்து சேரோணும்."

அந்தப் பக்கம் லாரி இரைச்சலுக்கு மேலே, "அவருக்குத்தான் புள்ள. நெம்பரைச் சொல்லு" என்றார்.

அதன் பிறகு பார்க்க வேண்டுமே! சூரத், கட்டாக், குவாஹாட்டி என்று ஒவ்வொரு ஊரிலிருந்தும் ஓட்டு வந்து விழுந்தது. குப்புசாமி அண்ணன் ஜெயித்தபோது நாக்பூரில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். மாலையை அவர் மனைவி கழுத்தில் போட்டோம்.

நீங்கள் ரோட்டிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் "சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை அம்மாவிடம் நீட்டிவிடுவேன். வேறு கேட்கத் தோன்றியதே இல்லை. அன்று, ஓட்டுப் பதிவாகிவிட்டது என்று சொல்லி முடித்த ஒவ்வொருவரிடமும், என்னை அறியாமலே கேட்டேன்: "அண்ணா, தூங்குனீங்களா?"

குப்புசாமி அண்ணனிடமும் கேட்டேன். "எங்கூட இன்னொருத்தன் வண்டியேறட்டும் சாமி. அப்பறம் கேளு" என்றார்.

கேட்பேன், அப்பா.