படத்தில் இருக்கும் இடது கை

ஏனுங்க,

நேரில் சொன்னால் சண்டையாகும் என்றுதான் இதை உங்கள் டிபன் பையில் வைக்கிறேன்.

முகநூல் ஓவியக் குழுவில் நான் வரைந்து போட்ட உங்கள் படத்தை நாற்பது பேர் குறை சொல்லிக் கிழித்தார்கள். கிழிக்கட்டும். அங்கே போடுவதே அதற்குத்தான். நீங்கள் எதற்கு என் போனை எடுத்து, என் பேரிலேயே அத்தனை பேரையும் வாடா போடா என்று திட்டினீர்கள்? இப்போது என்னைக் குழுவை விட்டே நீக்கிவிட்டார்கள். உங்களை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது!

அதிலும் அந்த மூலனூர்க்காரர் என்ன தப்பாகச் சொன்னார்? "மூஞ்சி உசுரோட இருக்குதுங்க. இடது கை மட்டும் பொய்யா இருக்குது. பார்க்காம வரைஞ்சிருக்கீங்க." அவரைத்தான் அதிகம் திட்டியிருக்கிறீர்கள்.

அவர் சொன்னது நிஜம். கட்டிங் மெஷின் உங்கள் ஆள்காட்டி விரலை எடுத்து இரண்டு வருஷமாகிறது. அன்றிலிருந்து வீட்டில்கூட டிராக் பேண்ட்தான்; இடது கை அதன் பாக்கெட்டை விட்டு வெளியே வருவதில்லை. நானும் காட்டச் சொல்லிக் கேட்டதில்லை. படத்தில் ஐந்து விரலையும் போட்டுவிட்டேன். நீங்களும் பார்த்துவிட்டு, "அச்சு அசலா நானேதான் கண்ணு" என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி வரையப் போகிறேன். வேட்டி கட்டிக்கொண்டு வந்து எதிரே உட்காருங்கள். அதில் பாக்கெட் கிடையாது.

உங்க ஊட்டுக்காரி